விசாரிப்பவர் யார்? தளேகாவின் வழியே ஒரு நீதி வரலாறு

புணேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில், வடமேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், இந்திராயணி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்திருக்கிறது தளேகாவ். இதே மாவட்டத்தில் அப்பெயரில் வேறோர் ஊரும் உண்டு என்பதால், 1717இல் சத்ரபதி சாஹுவால் மராத்தியப் படையின் சேனாபதியாக நியமிக்கப்பட்ட கண்டேராவ் தாபாடேயின் குடும்பப் பெயரைச் சேர்த்துத் தளேகாவ் தாபாடே என்று அழைப்பது வழக்கம். கொங்கணக் கரையிலிருந்து போர்காட் கணவாய் ஏறி தக்காணத்துக்குள் நுழையும் எவரும் புணேயை அடையுமுன் இவ்வூரைக் கடந்தாக வேண்டும் என்பதால், படைகளும் வணிகமும் பின்னர் ரயிலும் விரைவுச்சாலையும் இதன் வழியே சென்றன. நாட்டின் குற்றவியல் நீதியை அலைக்கழித்த சில வழக்குகளும் இவ்வூரைத் தொட்டே சென்றிருக்கின்றன. குற்றவியல் நீதியின் அறம் குறித்து எழுதுவோர் நீதிபதியின் நடுநிலை, குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை, தண்டனையின் அளவு ஆகியவற்றையே பெரும்பாலும் ஆராய்வர். புகாருக்கு உள்ளானவர் ஆட்சியாளராகவோ ஆட்சிக்கு நெருக்கமானவராகவோ இருந்தால் விசாரிப்பவர் யார், அந்த விசாரணைக்குக் காவல் யார் என்பது அவற்றுக்கெல்லாம் முன்பே எழும் கேள்வி. தளேகாவின் வரலாறு இக்கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது.

முதல் வழக்கு புணேயின் சனிவார்வாடா அரண்மனையில் தொடங்கியது. 1773 ஆகஸ்ட் 30 அன்று, மராத்திய அரசை ஆண்ட பேஷ்வாவான, பதினெட்டு வயதே நிரம்பிய நாராயணராவ், கார்திகள் எனப்பட்ட கூலிக் காவற்படையினரால் அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த பேஷ்வாவாகப் பதவியேற்றவர் அவருடைய சிற்றப்பா ரகுநாதராவ். நாராயணராவைப் பிடித்துவைக்குமாறு ரகுநாதராவ் எழுதிய கடிதத்தில் ஓர் எழுத்து மாற்றப்பட்டு, கொன்றுவிடுமாறு ஆக்கப்பட்டது என்றும், மாற்றியவர் அவருடைய மனைவி ஆனந்திபாய் என்றும் மகாராஷ்டிரத்தில் வழங்கும் கதை மக்கள் நினைவில் இன்றும் வலுவாக இருக்கிறது. அது மெய்யா என்பதை உறுதிப்படுத்தும் ஆவணம் கிடையாது. ஆயினும் ஒரு பெண்ணின் மீது முழுப் பழியையும் ஏற்றி, கட்டளையிட்ட ஆணுக்குப் பாதி விடுதலை கொடுத்துவிட்ட அக்கதை, ஊர்ப்பேச்சு வழங்கும் தீர்ப்பு எப்படி அமையும் என்பதற்குத் தக்க சான்று.

விசாரணையைக் கையில் எடுத்தவர் ராமசாஸ்திரி பிரபுணே. 1759 முதல் புணே அரசவையின் நியாயாதீசராக, அதாவது தலைமை நீதிபதியாக இருந்த அவர், சில வாரங்கள் சான்றுகளைத் திரட்டியபின், கொலைக்கு ரகுநாதராவ் உடந்தை என்ற முடிவுக்கு வந்தார். மராத்தியர் வரலாற்றை 1826இல் வெளியிட்ட கிராண்ட் டஃப் தரும் செய்தியின்படி, பிடித்துவைக்க மட்டுமே ஆணையிட்டதாக ரகுநாதராவ் ஒப்புக்கொண்டு, இதற்குப் பிராயச்சித்தம் என்ன என்று வினவியபோது, உயிரைக் கொடுப்பதைத் தவிர வேறில்லை என்று ராமசாஸ்திரி அவர் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் ஆளும் வரை புணேக்குள் கால் வைப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, வாயி நகருக்கு அருகிலிருந்த சிற்றூர் ஒன்றுக்குப் போய்விட்டார். மராத்தியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் காட்சி அது. படிக்க வேண்டிய காட்சியும்கூட. ஆனால் அதை ஒரு தனிமனிதரின் துணிவாக மட்டும் கொண்டாடும்போது, அத்துணிவு எதைச் சாதிக்க முடிந்தது என்பது கண்ணில் படாமல் போகிறது. நியாயாதீசரை அமர்த்துபவரும் பேஷ்வா, தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவரும் பேஷ்வா, குற்றவாளியும் பேஷ்வா என்னும் நிலையில், ராமசாஸ்திரியின் தீர்ப்புக்கு ஊரைவிட்டு வெளியேறுவதைத் தவிர வேறு செயல்வடிவம் இருக்கவில்லை. பிராமணருக்கு மரண தண்டனை விதிப்பதைப் பொதுவாகத் தவிர்த்து, சாதிக்குத் தக்கபடி தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் வழங்கிய பேஷ்வாக்கால நீதிமுறையில், பிராமணரான ஆட்சியாளருக்கு மரணமே தகும் என்று சொன்னது அந்த அமைப்பையே மீறிய சொல். அந்த அமைப்பால் அதைத் தாங்க முடியவில்லை.

தளேகாவ் இவ்வழக்குக்குள் வருவது ஐந்தாண்டுகள் கழித்து. நானா பட்னவிஸ் முதலிய அமைச்சர்கள் ஒன்றுகூடி ரகுநாதராவை விலக்கியதும், அவர் மும்பையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அடைக்கலம் புகுந்தார். 1775 மார்ச்சில் கையெழுத்தான சூரத் உடன்படிக்கையின்படி, சால்செட், வசாய் ஆகிய பகுதிகளைப் பெற்றுக்கொண்டு அவரை மீண்டும் பதவியில் அமர்த்தக் கம்பெனி உடன்பட்டது. கொலைக்கு உடந்தை என்று ஒரு நாட்டின் தலைமை நீதிபதி கண்டறிந்தவரை அந்நாட்டின் அரியணையில் ஏற்றுவதற்கு நிலம் விலையாயிற்று. 1778இன் இறுதியில் ஏறத்தாழ 3,900 வீரர்களும், பொதி சுமக்கவும் வண்டி இழுக்கவும் 19,000 மாடுகளும் கொண்ட படை மும்பையிலிருந்து கிளம்பிக் கணவாய் ஏறி, 1779 ஜனவரி 9 அன்று தளேகாவை அடைந்தது. மராத்தியர் வழியிலிருந்த ஊர்களை வெறுமையாக்கித் தீவனத்தையும் தானியத்தையும் எரித்திருந்தனர். புணே எட்டும் தூரத்தில் இருந்தும் முன்னேற முடியாத படை, ஜனவரி 11 இரவில் தன் கனரகப் பீரங்கிகளைத் தளேகாவின் பெரிய குளத்தில் தள்ளிவிட்டு, சரக்குகளுக்குத் தீவைத்துவிட்டு, இருளில் பின்வாங்கியது. அருகிலிருந்த வட்காவில் சூழப்பட்டு, ஜனவரி 16 அன்று உடன்படிக்கைக்கு இணங்கியது.

போர் வரலாற்று நூல்கள் வட்காவை ஆங்கிலேயரின் தோல்வியாகப் பதிவு செய்கின்றன. நீதியின் வரலாற்றில் அதற்கு வேறு பொருள் உண்டு. மராத்தியத் தளபதி மகாதஜி சிந்தியாவிடம் சரணடைந்த ரகுநாதராவ் எந்த நீதிமன்றத்தின் முன்பும் நிறுத்தப்படவில்லை. சிறிது காலத்தில் தப்பித்து மீண்டும் கம்பெனியிடமே சென்றார். போரை முடித்துவைத்த 1782ஆம் ஆண்டின் சால்பாய் உடன்படிக்கை அவருக்கு ஓய்வூதியம் வழங்கிற்று. அடுத்த ஆண்டு கோபர்காவில் அவர் இயற்கையாகவே இறந்தார். அவருடைய மகன் இரண்டாம் பாஜிராவ் 1796இல் பேஷ்வா ஆனார். ஒரு கொலை வழக்கு இரு அரசுகளுக்கிடையே பேரப் பொருளாகிப் போனால், கொலையுண்டவர் அதிலிருந்து மறைந்தே போகிறார் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு வேறொன்று எளிதில் கிடைக்காது.

அதிகாரத்தைக் கேள்வி கேட்பதற்கு முறையான வழி இல்லாத இடத்தில் கூட்டத்தின் சினம் அந்த வேலையைச் செய்யும் என்பதற்கும் அதே புணே சான்றாக நிற்கிறது. நகரக் காவலின் தலைவரான காசிராம் கோத்வாலின் ஆட்கள் 1791 ஆகஸ்டில் தென்னாட்டிலிருந்து வந்திருந்த பிராமணர்களைப் பிடித்து ஓர் இடுக்கான அறையில் அடைத்ததில், இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தனர். இன்றைய சொல்லில் இது காவல் மரணம். திரண்டெழுந்த மக்களிடம் அரசு காசிராமை ஒப்படைத்தது. அவர் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார். அத்தனை ஆண்டுகள் அவரைப் பதவியில் வைத்திருந்தோர் மீது ஒரு கேள்வியும் எழவில்லை.

1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்து கம்பெனி ஆட்சி வந்தபின் நீதி எழுத்துச் சட்டமாயிற்று. நீதிமன்றப் படிநிலைகளும் ஏற்பட்டன. ஆனால் விசாரிப்பவர் யார் என்ற கேள்விக்கு அவ்வாட்சி அளித்த விடையைப் புரிந்துகொள்ளத் தளேகாவைவிட்டுச் சென்னை மாகாணத்துக்கு வர வேண்டும். அங்கே ஒரே தாசில்தார் வரி வசூலும் செய்து, காவல் பணியையும் நடத்தி, சிறு வழக்குகளில் தண்டனையும் விதித்தார். வரிக்காகவும் ஒப்புதல் வாக்குமூலத்துக்காகவும் மக்கள் வதைக்கப்படுவதாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த பேச்சையடுத்து அமர்த்தப்பட்ட சித்திரவதை ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. அதில் விரிவாகக் கூறப்படும் கருவிகளுள் ஒன்று கிட்டி: இரண்டு கட்டைகளின் ஒரு முனையைக் கயிற்றால் பிணைத்து, இடையில் கைவிரல்களைச் செருகி, மறுமுனையைப் பாக்குவெட்டியைப் போல அழுத்துவார்கள். மற்றொன்று அண்ணாந்தாள்: ஒருவரைக் குனியவைத்து, அவருடைய துணியையோ வைக்கோல் பிரியையோ கழுத்தின் மேலும் கால்விரல்களின் அடியிலும் செலுத்திக் கட்டி, வெயிலில் அதே நிலையில் நிறுத்திவிடுவார்கள். கருவிகளைவிட ஆணையம் சுட்டிய மற்றொரு செய்தி முக்கியமானது. வதைபட்டவர் முறையிடச் சென்றால் அம்முறையீட்டை முதலில் பெறுபவர், வதைக்க ஆணையிட்ட அதே அலுவலரின் கீழோ மேலோ அமர்ந்திருந்தார். ஆகவே தீர்வு கிடைப்பது அரிதாயிற்று.

இதன் விளைவாக இரண்டு மாற்றங்கள் வந்தன. காவல் துறையிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது என்ற விதி 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பின்னர் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும் இடம்பெற்று, 2023இல் இயற்றப்பட்ட பாரதிய சாட்சிய சட்டம் வரை தொடர்கிறது. தன் காவலரின் சொல்லைத் தானே நம்ப முடியாது என்று ஓர் அரசு எழுதிவைத்துக்கொண்ட ஒப்புதல் அது. மற்றொரு மாற்றம் காவல் துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. ஆனால் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் அத்துறையை மாகாண அரசின் மேற்பார்வையிலும், மாவட்ட அளவில் மாஜிஸ்திரேட்டின் கட்டுப்பாட்டிலும் வைத்தது. தாசில்தாரின் பிடி தளர்ந்தது. ஆட்சியின் பிடி அப்படியே இருந்தது.

அந்தப் பிடி எத்தகையது என்பதைத் தளேகாவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிந்துகொண்டது. சுதேசி இயக்கம் மும்முரமாயிருந்த அவ்வாண்டுகளில் இவ்வூர் அதன் மையங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆளுக்கு ஒரு பைசா என்று வீடுதோறும் திரட்டி நாட்டுத் தொழில்களை வளர்ப்பதற்காக அந்தாஜி தாமோதர் காளே தொடங்கி, திலகர் ஆதரித்த பைசா நிதியின் கண்ணாடித் தொழிற்சாலை 1908இல் இங்கே எழுந்தது. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் பேராசிரியராக இருந்த விஷ்ணு கோவிந்த் விஜாபுர்கர் 1906இல் நிறுவிய சமர்த்த வித்யாலயம் என்னும் தேசியப் பள்ளியும் இங்கேயே நிலைகொண்டது. விஜாபுர்கர் ஆசிரியராக இருந்து நடத்திய ‘விஸ்வவிருத்த’ இதழில் வேதப் பிரார்த்தனைகள் பற்றி வேத அறிஞர் சாத்வலேகர் எழுதிய ஒரு கட்டுரைக்காக அரசு வழக்குத் தொடுத்தது; விஜாபுர்கர் சிறை சென்றார். 1910இல் அரசின் தடையால் பள்ளியும் மூடப்பட்டது. ஆசிரியருக்காவது ஒரு வழக்கு விசாரணை கிடைத்தது. அவருடைய பள்ளிக்கும் அதில் படித்த பிள்ளைகளுக்கும் அதுவும் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் ராஜதுரோகம் எனப்பட்ட குற்றம், அதாவது அரசின் மீது வெறுப்பையோ விசுவாசமின்மையையோ தூண்டும் பேச்சும் எழுத்தும், 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124அ என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 1897இல் திலகர் மீதான முதல் வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி அரசின்பால் அன்பு இல்லாதிருப்பதே விசுவாசமின்மை என்னும் அளவுக்குப் பிரிவை விரித்துப் பொருள்கொண்டார். ஜூரி எனப்படும் ஒன்பது பேர் குழுவில் ஆறு ஐரோப்பியர் குற்றவாளி என்றும் மூன்று இந்தியர் இல்லை என்றும் பிரிந்து நின்றனர். ஜூரி என்பது குற்றம் சாட்டப்பட்டவரை அவரை ஒத்த குடிமக்களே மதிப்பிடட்டும் என்று இங்கிலாந்தில் வளர்ந்த முறை. அதன் நோக்கத்தைத் தலைகீழாக்கிய இடம் 1908 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம். தாம் நடத்திய ‘கேசரி’ இதழில் மராத்தியில் வெளிவந்த தலையங்கங்களுக்காகத் திலகர் நிறுத்தப்பட்டபோது, ஜூரியில் ஏழு ஐரோப்பியரும் இரண்டு பார்சிகளும் இருந்தனர். மராத்தி அறியாத அவர்கள் முன் வைக்கப்பட்டது மொழிபெயர்ப்பு. அம்மொழிபெயர்ப்பு அரசுத் தரப்பு தந்தது. அதன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தும், எழுதியதன் பின்னணியை விளக்கியும், வழக்கறிஞர் இன்றித் தமக்காகத் தாமே இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார் திலகர். ஜூலை 22 இரவு ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது; ஆறாண்டு நாடுகடத்தல் விதித்த நீதிபதி தின்ஷா தாவர், 1897 வழக்கில் அதே திலகருக்காகப் பிணை கேட்டு வாதாடிய வழக்கறிஞர்.

அதற்குப் பதினைந்து நாள்களுக்கு முன், ஜூலை 7 அன்று, திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ. சிதம்பரனாருக்கு ஆயுள் முழுவதும் நாடுகடத்தல் விதித்திருந்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தாலும், கப்பல் நிறுவனம் நடத்தியவர் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். இரு வழக்குகளிலும் வழக்குத் தொடுத்தது அரசு, காவல் துறை அரசினுடையது, சட்டமும் அரசைக் காக்கவே இயற்றப்பட்டது. எழுத்து வடிவிலான நடைமுறை முழுவதும் பின்பற்றப்பட்டது என்பதே இவற்றின் பெரும் அவலம். ராமசாஸ்திரிக்கு இல்லாத சட்டப் புத்தகமும் மேல்முறையீடும் பின்ஹேக்கும் தாவருக்கும் இருந்தன; ஆட்சியை விலகி நின்று பார்க்கும் இடம் மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை. ராஜதுரோகத்துக்கான 124அ பிரிவு சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 152ஆம் பிரிவில் வேறு சொற்களில் மீண்டிருக்கிறது.

2002இல் மும்பை–புணே விரைவுச்சாலை முழுமையடைந்தபின் தளேகாவின் நிலம் பொன்னாயிற்று. நிலப் பதிவேடுகள், கட்டட அனுமதிகள், நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய் என்று பலவற்றிலும் நடந்த முறைகேடுகளை, 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைக் கருவியாகக் கொண்டு வெளிக்கொணர்ந்தவர் இவ்வூரைச் சேர்ந்த சதீஷ் ஷெட்டி. இச்சட்டத்தின் சிறப்பு, குடிமகனே விசாரணையின் முதல் அடியை எடுத்துவைக்க முடிவது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தரும் விண்ணப்பத்துக்கு அலுவலகம் முப்பது நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது, ஏனெனில் விண்ணப்பதாரரின் பெயரும் முகவரியும் அவர் யாரைப் பற்றிக் கேட்கிறாரோ அவர்களுக்கு எளிதில் தெரிந்துவிடும். 2009இல் நில மோசடி குறித்துப் புகார் அளித்த ஷெட்டி, தமக்கு அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிக் காவல் துறையிடம் பாதுகாப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. 2010 ஜனவரி 13 காலை நடைப்பயிற்சிக்குச் சென்றபோது தளேகாவில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

மும்பை உயர் நீதிமன்றம் எவரும் மனுச் செய்யாமலே செய்தியின் அடிப்படையில் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது; விசாரணை மாவட்டக் காவல் துறையிடமிருந்து சிபிஐ எனப்படும் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. ஆனால் எந்தக் கொலை வழக்கிலும் முதல் சில நாள்களே உயிர்நாடி. சம்பவ இடத்தில் உள்ளவற்றைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பஞ்சநாமா, ஆயுதங்களைக் கைப்பற்றல், நேரில் கண்டவரின் முதல் வாக்குமூலம் ஆகியவை அப்போது சரியாக அமையாவிட்டால், பின்னர் வரும் எத்தகைய திறமையான அமைப்பும் முந்தையவர் எழுதிவைத்ததையே சார்ந்திருக்க நேரும். சிபிஐ 2014இல், வழக்கைத் தொடரப் போதிய சான்றில்லை என்று தெரிவிக்கும் முடிப்பறிக்கையைத் தாக்கல் செய்தது. பின்னர் விசாரணையை மீண்டும் திறந்து, 2016இல் முதல் விசாரணையோடு தொடர்புடைய காவல் துறையினரையே கைது செய்தது. 2018இல் மறுபடியும் முடிப்பறிக்கை அளித்தது. இந்நிலையில் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு விடை இல்லை. சந்தேகத்துக்கு உள்ளானவர்களுக்கோ குற்றமற்றவர் என்று ஒரு நீதிமன்றம் சொல்லும் தீர்ப்பும் இல்லை. முடியாத விசாரணை இரு தரப்பாருக்கும் இழைக்கும் அநீதி இது. இரண்டாவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

தளேகாவ் தனித்த நிகழ்ச்சியும் அன்று. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஊழலை எழுத்து மூலம் தெரிவித்த பொறியாளர் சத்யேந்திர தூபே 2003இல் கயையில் கொல்லப்பட்டார். சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா, ஷெட்டி இறந்து ஆறு மாதங்களில், குஜராத் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 2019இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனைகளை உயர் நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. விசாரணைப் பிரிவைச் சட்டம் ஒழுங்குப் பிரிவிலிருந்து பிரிக்க வேண்டும், காவல் துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1855இல் சென்னையில் கண்டறியப்பட்ட அதே குறைக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட மருந்து அது. பெரும்பாலான மாநிலங்கள் அதை நீர்த்துப்போன வடிவில்தான் ஏற்றன. சாட்சிகளுக்கு வரும் அச்சுறுத்தலை மதிப்பிட்டுப் பாதுகாப்பளிக்கும் திட்டத்தை 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் நீதிமன்றமே சட்டமாக்கியது; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 398ஆம் பிரிவு அத்தகைய திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் இத்திட்டங்கள் வழக்கு ஒன்றில் சாட்சியாகிவிட்டவரையே முதலில் நினைக்கின்றன. வழக்குப் பதிவாகுமுன், ஒரு புகாரும் சில ஆவண நகல்களுமாகத் தனித்து நிற்கும் குடிமகனுக்கென்று இயற்றப்பட்டது 2014ஆம் ஆண்டின் முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அவ்வாண்டு மே மாதமே கிடைத்துவிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும், பத்தாண்டுகள் கடந்தும் அந்த அறிவிக்கை வெளியாகவில்லை. அச்சட்டத்தின்படி புகாருக்கு உள்ளாகக் கூடியவர்கள் அரசு ஊழியர்களும் அமைச்சர்களும். நாளை அறிவிக்க வேண்டியதும் அவர்களுடைய அரசே.